மூன்றாம் படி

ஆல்ப்ஸ் மலைநாட்டில் பனிச்சரிவு என்பது நெடுங்காலமாகக் கிராமங்களின் துயரமாகவே இருந்துவந்தது. ஆண்டர்மாட் என்னும் ஸ்விஸ் ஊரார் தங்கள் வீடுகளுக்கு மேலே நின்ற காட்டில் மரம் வெட்டலாகாது என்று 1397-லேயே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். ஆயினும் 1950-51 குளிர்காலத்தில் மட்டும் ஸ்விட்சர்லாந்தில் 98 பேர் பனியில் புதையுண்டு மாண்டார்கள். அதன் பின்னர் மலைச்சரிவுகளின் மேற்புறத்தில் எஃகு வேலிகள் வரிசை வரிசையாக எழும்பி ஊர்களைக் காத்துவருகின்றன. இன்று அங்கே பனிச்சரிவில் உயிரிழப்போரில் பெரும்பாலோர், சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, காவலற்ற சிகரங்களைத் தாமே விரும்பி நாடிச் சென்றவர்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேரை மூடிய சரிவு, அவர்களாலோ உடன் சென்றவர்களாலோ கிளப்பிவிடப்பட்டதே என்பதுதான் நெஞ்சை வருத்தும் செய்தி.

டாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்னும் உயரத்தில் 1936 முதல் பனியைத் தோண்டி ஆராய்ந்துவந்த விஞ்ஞானிகள், மலைமீது கிடக்கும் பனி ஒரே பிண்டமன்று, ஒவ்வொரு பொழிவும் தனித்தனி அடுக்காகப் படிந்து நிற்பது என்று தெளிந்தார்கள். குளிர்காலத்தின் தொடக்கத்தில், பனி மெல்லியதாகக் கிடக்க, வானம் நிர்மலமாக இருந்து இரவுகள் கடுங்குளிராகுமானால், உஷ்ணம் மிகுந்த தரைப்பக்கத்திலிருந்து நீராவி மேல்நோக்கி ஊடுருவிச் செல்ல, அடிப்பனி தன் பிணைப்பை இழந்து, சீனி மணிகளைப்போல் ஒட்டாத ஸ்படிகங்களாக உதிர்ந்து நிற்கும். பிரயாணிகள் நல்ல காலமென்று மகிழும் அந்தத் தெளிந்த நாட்களிலேதான் பின்னால் வரப்போகும் விபத்துக்கு அஸ்திவாரம் போடப்படுகிறது! பிறகு பெரும் பனி பெய்து, காற்று அதைக் கெட்டித்த பாளமாக்கி அந்த ஸ்படிகங்களின்மேல் ஏற்றிவிட்டால், 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒரு மனிதனுடைய பாரமே அடியடுக்கை முறிக்கப் போதும். முறிவு கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவு முழுவதும் பரவ, பாளம் அவனையும் வாரிக்கொண்டு இறங்கிவிடும்.

அனுபவசாலிகள் இந்த அடுக்கைக் கையாலேயே சோதித்தறிகிறார்கள். மண்வாரியால் ஒரு குழி தோண்டி, ஏறக்குறைய ஓரடி சதுரமுள்ள பனித்தூண் ஒன்றைத் தனியே அறுத்து நிறுத்தி, அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மாத்திரம் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுவார்கள். முதற் சில தட்டுகளிலேயே மேற்பகுதி வழவழவென்று நழுவி விழுமாயின், அத்தகைய சரிவில் கால் வைக்கமாட்டார்கள்.

1945 டிசம்பர் தொட்டு ஸ்விட்சர்லாந்தில் பனிச்சரிவு அறிக்கை வெளியாகிவருகிறது. இக்காலத்தில் குளிர்காலந்தோறும் மாலை ஐந்து மணிக்கு வரும் அவ்வறிக்கை அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்துக் கூறுகிறது. நான்காம் படி என்றால் பலர் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். ஐந்தாம் படியோ மிக அபூர்வம். மூன்றாம் படி அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் மாண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டிருக்கிறார்கள். ஐந்தில் மூன்று நடுத்தரந்தானே என்று மனம் ஆறுதல் கொள்வதே இதற்குக் காரணம் என்பது என் துணிபு. உண்மையில் அந்தப் படியில், செங்குத்தான பல சரிவுகள் ஒரே ஓர் ஆளின் பாரத்துக்கு அவிழ்ந்துவிடும் நிலையில் நிற்கின்றன. காலடியில் 'ஹும்' என்று பனி அமுங்கும் ஓசை கேட்பதும் அத்தகைய நாட்களிலேதான்.

புதைந்தவனுக்கோ காலம் மிகக் குறுகியது. முதற் பத்து நிமிஷங்களுக்குள் வெளியே எடுக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி கடந்துவிட்டால் மூவரில் ஒருவர் தேறுவதே அருமை. ஹெலிகாப்டர் எவ்வளவு விரைந்தாலும் அதற்குள் வந்து சேர்வது துர்லபம். ஆகையால், உடனிருப்போரே அவனைத் தேடித் தோண்டியெடுக்க ஏதுவாக, புதைந்தவன் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியும் நீண்ட துழாவுகோலும் மண்வாரியும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டுமென்றும், புறப்படும் காலையிலேயே அனைவரும் கருவியை இயக்கி ஒருவர் சமிக்ஞையை மற்றவர் கேட்டுப் பார்க்கவேண்டுமென்றும், ஐயத்துக்குரிய சரிவை ஒவ்வொருவராக, மற்றவர் கண்பார்வையில் கடக்கவேண்டுமென்றும் மலைவழிகாட்டிகள் வற்புறுத்துகிறார்கள்.