உழாமல் விளைந்ததும் உழுது விளைந்ததும்: பாரியின் பறம்பு நாடு

கொட்டாம்பட்டிக்கு வடகிழக்கே நிற்கிற பிரான்மலைக்கு நம்மில் பலர் போயிருப்போம். அடிவாரக் கோயிலைக் கும்பிட்டிருப்போம், மேலே தர்காவுக்கும் ஏறியிருப்போம். அந்த மலைதான் வேள் பாரி ஆண்ட பறம்பு என்பது இந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லி வருவது. முல்லைக்குத் தேர் கொடுத்த கதை பள்ளிக்கூடத்திலேயே படித்தாச்சு. ஆனா அந்த நாட்டுச் சனங்க என்ன விதைச்சாங்க, என்ன சாப்பிட்டாங்க, தண்ணிக்கு என்ன செஞ்சாங்க? ஒரு விவசாயி கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பதில் சொல்ல நேரில் பார்த்த ஆள் ஒருவர் இருக்கிறார். பாரியின் நண்பர் கபிலர். புறநானூற்றில் 105 முதல் 120 வரை உள்ள பாடல்களில் ஒன்று தவிர மற்றவை அவர் பாடியவை. சுமார் 2000 வருசத்துக்கு முந்தைய மானாவாரி விவசாயத்தின் பதிவேடு என்றே அவற்றைச் சொல்லலாம்.

உழாத நாலு விளைச்சல்

பறம்பில் 300 ஊர்கள். மூவேந்தரும் சேர்ந்து முற்றுகை போட்டபோது, பட்டினி போட்டு இந்த மலையைப் பிடிக்க முடியாது என்கிறார் கபிலர். உழவர் உழாமலே அங்கே நான்கு விளைகிறது: மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இந்த வள்ளி காட்டுக் கிழங்கு. அமெரிக்காவிலிருந்து பின்னால் வந்த சர்க்கரைவள்ளி இல்லை. மலையில் சுனைகளும் நிறைய. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், கொள்ளுக்கு உழுத நிலத்தின் பக்கம் வாய்க்கால் போல அருவி ஓடியதாம். மலை மேலே மரம் இருந்தா கீழே ஈரம் இருக்கும். இதைத்தான் நாம இன்னிக்கும் சொல்லிக்கிட்டு இருக்கோம்.

உழுது விளைந்தது

120ஆம் பாட்டு முழுக்க வெள்ளாமைதான். வேங்கை மரம் நிற்கிற செம்மண் மேடு. கார்மழை நனைத்த ஈரத்தில் புழுதி கலங்கப் பல சால் உழவு. விதைத்த பிறகு பயிருக்குள் பல்லி ஓட்டுகிறார்கள், அப்புறம் களையெடுப்பு. அறுவடைக் காட்சியைப் பாருங்க: வரகு அறுக்கும் பக்குவம், தினை கொய்யும் பக்குவம், எள்ளுக்காய் கறுக்குது, அவரை பறிக்கத் தயார். தானியம், எண்ணெய் வித்து, பயறு மூணும் ஒரே பருவத்தில் வீட்டுக்கு வருது. அவரை மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். ஒண்ணு பொய்த்தாலும் இன்னொண்ணு கைகொடுக்கும்.

சாப்பாடும் அதே நிலத்தில் இருந்துதான். நெய்யில் வறுத்த கடலை, சோறு, மண்ணில் புதைத்துப் பழுத்த கள். மழைக்குப் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் புளித்த மோரில் சமைத்ததையும் கபிலர் சொல்கிறார். அந்தக் கடலை நிலக்கடலை இல்லை. நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து ரொம்பப் பிந்தி வந்தது.

எட்டாம் பிறைக் கரை

பறம்பில் ஒரு சிறு குளம். இரண்டு முனையிலும் பாறையும் குன்றும். நடுவில் எட்டாம் நாள் நிலவு போல வளைந்த கரை. இயற்கையே கொடுத்த பாறையை முட்டாகப் பிடித்துக்கொண்டு, இடைவெளிக்கு மட்டும் மண் போட்டிருக்கிறார்கள். குறைந்த மண், குறைந்த உழைப்பு, நிறைந்த தண்ணீர். நம்ம ஒன்றியத்திலும் குன்றை ஒட்டி இப்படி வளைந்த கரைகள் உண்டு.

பாரி இறந்த பிறகு அந்தக் கரை உடைந்து போவதைச் சொல்லிக் கபிலர் அழுகிறார். கோட்டையை விட்டுவிட்டுக் குளத்துக்கு அழுத பாட்டு அது. நாடு அழிவது எங்கே தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆப்பிரிக்கச் சொந்தம்

பறம்பு போன்ற கதை மேற்கு ஆப்பிரிக்காவிலும் உண்டு. இன்றைய மாலி, மௌரித்தானியா பகுதியில் 'வகாடு' என்ற பழைய கானா அரசு இருந்தது. தங்கத்துக்குப் பேர்போன நாடு. ஆனாலும் உப்பு வெளியிலிருந்துதான் வர வேண்டும். உப்புப் பொதி ஏற்றிய கழுதை உள்ளே வந்தால் ஒரு பொற்காசு, வெளியே போனால் இரண்டு என்று அரசர் வரி வாங்கியதாக 11ஆம் நூற்றாண்டில் அல்-பக்ரி எழுதினார். நம்ம பக்கமும் உப்பு வண்டியில்தான் வந்தது. நாடிழந்த பாரி மகளிர் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டு நின்றதைக் கபிலர் பாடுகிறார்.

இன்னொரு உறவு நம்ம தட்டிலேயே இருக்கு. கம்பு முதன்முதலில் பயிரானது மேற்கு ஆப்பிரிக்காவின் சாகெல் வறண்ட நிலத்தில். தட்டைப்பயறும் ஆப்பிரிக்கப் பயிர்தான். அங்கே இன்றும் இரண்டையும் சேர்த்தே விதைக்கிறார்கள். நம்ம தாத்தாக்களும் அப்படித்தான் செஞ்சாங்க.

மலையும் நாமும்

பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்க. ஏழு குன்றும் சுனைகளும் உள்ள அந்த ஊர் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர் வட்டார மக்கள் 2025 சனவரியில் மதுரைக்கு நடந்தே போனார்கள். அதே மாதம் ஏலம் ரத்தானது. குன்று போனால் சுனை போகும், சுனை போனால் கண்மாய் போகும், கண்மாய் போனால் வயல் போகும். இது புரிந்ததால்தான் அவ்வளவு பேர் நடந்தார்கள்.

வருகிற பட்டத்தில் அரை ஏக்கராவது வரகு, தினை, எள், அவரை கலந்து போடுங்க. முதல் அறுவடையில் விதையை எடுத்து வையுங்க. மழைக்கு முன்னால் ஊர் கூடிக் கண்மாய்க் கரையை ஒரு சுற்று நடந்து, எங்கே கரை இளகியிருக்கு, எங்கே வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கு என்று பாருங்க. உடைந்த பிறகு அழ இன்னொரு கபிலர் வேண்டாம்.