படிக்க முடியாத ஓர் இடம்

காலஞ்சென்ற தகப்பனாரின் குரலைப் பதிந்து வைத்த ஒரே கோப்பு இருக்கும் ஹார்ட் டிஸ்க், திறக்கச் சொன்னால் நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டுப் பிறகு ‘படிக்க இயலவில்லை’ என்று மட்டும் தெரிவிக்கும்போது, நம்மில் பெரும்பாலோர் பதைபதைப்போடு செய்கிற முதற் காரியம் பழுதுபார்க்கும் கட்டளையை ஓட விடுவதுதான். விண்டோஸில் ‘செக் டிஸ்க்’ என்று வழங்கும் அக்கட்டளை, கோப்புகளின் அட்டவணையைச் சீர்படுத்த ஏற்பட்டதேயன்றி, நலிந்த டிஸ்க்கிலிருந்து விவரங்களைக் காப்பாற்ற ஏற்பட்டதன்று. மீட்கக்கூடியதாயிருந்ததையும் அது மீட்க முடியாததாக்கிவிடக் கூடும்.

நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் காந்தப் பூச்சிட்ட தட்டின்மேல், அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டே படிப்பதும் எழுதுவதும் ‘ஹெட்’ என்னும் சிற்றுறுப்பின் வேலை. தட்டின் பரப்பு செக்டார்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது; முன்னாளில் ஒரு செக்டார் கொண்டது 512 பைட், இப்போது பெரும்பாலும் 4,096. ஒவ்வொன்றோடும் பிழை திருத்தும் குறியீடு சேர்ந்திருப்பதால் சொற்பப் பிழைகளை டிஸ்க் தானே திருத்திக்கொள்ளும். அக்குறியீட்டின் சக்திக்கு மேற்பட்ட சிதைவு நேர்ந்த இடமே ‘பேட் செக்டார்’. புத்தம்புதிய டிஸ்க்கிலும் இத்தகைய இடங்கள் உண்டு. தொழிற்சாலையிலேயே அவற்றைக் குறித்து விலக்கி, பின்னால் கெடப்போகிறவற்றுக்கென உபரிச் செக்டார்களையும் ஒதுக்கி வைத்தே அனுப்புகிறார்கள்.

அப்படியானால் கெட்ட இடத்துக்கு ஈடாக உபரியை உடனே எடுத்துக்கொள்ளலாகாதா என்று கேட்கத் தோன்றும். மாற்றிவிட்டால், உள்ளேயிருந்த விவரம் அக்கணமே கைவிடப்பட்டதாகும். ஆகையால் டிஸ்க் அதை நிலுவையில் வைத்து, பத்தாம் முறையோ நூறாம் முறையோ படிக்க வாய்த்தாலும் வாய்க்கும் என்று காத்திருக்கிறது. அவ்விடத்தில் புதிதாக எழுதச் சொன்னால்தான், சோதித்துப் பார்த்து, தேறாவிடில் உபரிக்கு மாற்றுகிறது. அமைத்தவர்களின் இந்த விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்து வரும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையின் 197-ஆம் எண் நிலுவையையும், 5-ஆம் எண் மாற்றப்பட்டவற்றையும் காட்டும். கூகுள் நிறுவனத்தார் லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பரப்புச் சோதனையில் முதற் பிழை கண்ட டிஸ்க் 60 நாட்களுக்குள் செயலிழக்கும் அபாயம், பிழை காணாதவற்றுக்கு உள்ளதைப் போல 39 மடங்கு.

ஆகவே, நலிந்த டிஸ்க்கை மேற்கொண்டு வருத்தாமல், அதே அளவோ பெரிதோ ஆன வேறொரு டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்துவிட வேண்டும். இதற்கென்றே அந்தோனியோ தியாஸ் தியாஸ் 2004-இல் வெளியிட்ட ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் இலவச மென்பொருள் லினக்ஸில் கிடைக்கிறது. பிழை கண்ட இடத்தில் மல்லுக்கு நில்லாமல் தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளை முதலில் சேகரித்துக்கொண்டு, பிறகே விட்ட இடங்களுக்குத் திரும்புவது அதன் முறை. படித்தது எது, எஞ்சியது எது என்று தனிக் கோப்பில் குறித்து வருவதால், நடுவில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதுவோர் சிதைந்த எழுத்துகளின் இடத்தைப் புள்ளியிட்டு விடுவது போல, படிக்க இயலாத செக்டாரின் ஸ்தானம் பிரதியிலும் காலியாகவே நிற்கும். செக் டிஸ்க்கை அந்தப் பிரதியின்மீது ஓட்டுவதில் ஆட்சேபமில்லை. அப்போதும் இன்னொரு நகல் கைவசம் இருப்பது உசிதம்.

‘டக், டக்’ என்ற ஓசை மாத்திரம் கேட்குமானால் இவை எதையும் முயலாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விவரம் மீட்பதில் தேர்ந்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஏனெனில் பழுதான ஹெட் தட்டைச் சுரண்டினால் பூச்சே உதிர்ந்துபோகும். ஓசையற்ற டிஸ்க்கை, பிரதியிலுள்ள கோப்புகளைத் திறந்து பார்த்துத் திருப்தியடைந்த பின்பு, முழுவதும் ஒருமுறை எழுதிச் சோதிக்கலாம். நிலுவை தீர்ந்து, 5-ஆம் எண் அசையாமல் நின்றால், வேறிடத்திலும் நகலுள்ள சினிமாப் படங்களையோ பாட்டுகளையோ அதில் வைத்துக்கொள்ளலாம்.