புது ஹீட்டர், பழைய சுவர்

மார்கழி நெருங்கும்போது மின்சாதனக் கடைகளில் கீசர் வியாபாரம் சூடுபிடிக்கும். வாங்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான்: எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார், எத்தனை வருட வாரண்டி? மறுநாள் ஆள் வந்து பழையதைக் கழற்றுகிறார். அதே இடத்தில், அதே குழாயில், அதே பிளக்கில் புதியதை மாட்டிவிட்டுக் கிளம்புகிறார்.

புதிய ஹீட்டர் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் வந்து சேர்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை, தெர்மோஸ்டாட், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்அவுட் எல்லாம் அதில் உண்டு. ஆனால் சுவருக்குள் ஓடும் வயர், எர்த், குழாய், ஜன்னல் ஆகியவை பழையவை. குளியலறை விபத்துகள் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அவற்றைத் திறந்து பார்க்க வாய்ப்புக் கிடைப்பதும் ஹீட்டர் மாற்றும் அந்த ஒரு நாளில்தான்.

எர்த் எங்கே போகிறது?

2,000 வாட் ஹீட்டர் ஒன்று ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதற்கென்று தனி வயரும் 16 ஆம்பியர் பெரிய பிளக்கும் வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பிளக்கின் மேல் துளைக்குப் பின்னால் உண்மையில் எர்த் வயர் இருக்கிறதா என்பதுதான் தெரிவதில்லை.

போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் ஹீட்டர் காயில் மேல் உப்பு தடித்துப் படியும். சூடு வெளியேற வழியில்லாமல் காயில் உள்ளுக்குள் கொதித்து, அதன் உறை ஒருநாள் விரிசல் விடும். அப்போது கசியும் மின்சாரத்தை எர்த் வயர் மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். எர்த் இல்லையென்றால், நனைந்த உடம்போடு குழாயைத் திருகுகிறவர் வழியாக அது மண்ணைத் தேடும். 10 மில்லிஆம்பியர் பாய்ந்தாலே பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகலாம். 30 மில்லிஆம்பியரைத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் ஆபத்து உண்டு.

‘எங்கள் வீட்டில் எம்சிபி இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். எம்சிபி காப்பது வயரை, மனிதரை அல்ல. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது அசையும். உயிரைப் பறிக்கும் கசிவு அதில் ஐந்நூறில் ஒரு பங்கு. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று பார்த்து, 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் கருவி ஆர்சிசிபி. அதில் இருக்கும் ‘டெஸ்ட்’ பொத்தானை அவ்வப்போது அமுக்கிப் பார்க்க வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

பழைய வீடுகளில் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. எர்த் வயரே இல்லாத இடத்தில் பிளக்குக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். பல்பு வைத்துச் சோதித்தால் எரியும். எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். எங்கோ நியூட்ரல் அறுந்தால், ஹீட்டரின் வெளி உடம்பிலேயே முழு 230 வோல்ட் வந்து நிற்கும். ‘குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ருங்குது’ என்று வீட்டில் யாராவது சொன்னால், அதைச் சிரித்துக் கடக்கக் கூடாது.

கதவைச் சாத்தினால் காற்று எங்கே?

மின்கட்டணத்துக்குப் பயந்து கேஸ் கீசருக்கு மாறுகிறவர்கள் உண்டு. உடல்நலக் கோணத்தில் மிகக் கவலைக்குரிய மாற்றம் இதுதான். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கேஸ் கீசர், சமையலறையின் நான்கைந்து பர்னர்களைச் சேர்த்து எரித்தால் வரும் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒரு பங்கு எல்பிஜி முழுமையாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்த சிறிய குளியலறையில் அவ்வளவு காற்றுக்கு எங்கே போவது?

பிராணவாயு குறையக் குறைய நெருப்பு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். கசியும் எல்பிஜிக்காவது காட்டிக்கொடுக்கும் நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை, இருமலும் வராது. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பிறகு கால் துவண்டுவிடும். தாழ்ப்பாளைத் தூக்கக்கூட வலு இருக்காது.

குளியலறையில் வலிப்பு வந்து விழுந்ததாக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு, கால்கை வலிப்பு என்றே சிகிச்சை தொடங்கப்பட்டு, பிற்பாடு காரணம் கேஸ் கீசர் என்று தெரியவந்த நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மருத்துவரையும் ஏமாற்றக்கூடிய நஞ்சு இது. விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரால் கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தைப் பிரித்தறிய முடியாது; சாகக் கிடக்கிறவருக்கும் 98 என்று காட்டும். ஆகவே, ‘கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது’ என்று உடன் வந்தவர் சொல்லும் ஒரு வாக்கியம் பல சோதனைகளுக்குச் சமம். முகமூடி வழியே தூய பிராணவாயு கொடுத்தால், நஞ்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வெறும் காற்றில் அதற்கு நான்கைந்து மணி நேரம். பிழைத்தவர்களிலும் சிலருக்குச் சில வாரம் கழித்து மறதியும் நடைத் தள்ளாட்டமும் தலைகாட்டுவதுண்டு.

கேஸ் கீசரை வெட்டவெளியில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதுதான் சரி. கண்ணாடி போட்டு மூடிய பால்கனி வெட்டவெளி ஆகாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போதும் என்ற வாதமும் எடுபடாது. காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் ஃபேன் சுழன்றால், புகைக்குழாய் வழியே போக வேண்டிய புகையையே அது உள்ளே இழுத்துவிடக்கூடும்.

சொட்டுவது கோளாறு அல்ல

டேங்க் கீசரின் அடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். தண்ணீர் சூடாகும்போது பெருகும். மிஞ்சும் அழுத்தத்தை அந்த வால்வு சில சொட்டுகளாக வெளியேற்றும். தரை நனைகிறதே என்று அதை அடைக்கச் சொல்வது தற்கொலைக்குச் சமம். தெர்மோஸ்டாட்டும் கட்அவுட்டும் சேர்ந்து பழுதானால், மூடிய தொட்டிக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். தொட்டி பிளக்கும் கணத்தில் அதில் ஒரு பகுதி நீராவியாகி 1,600 மடங்கு விரியும்.

எத்தனை டிகிரி?

60 டிகிரித் தண்ணீரில் பெரியவர்களின் தோல் ஐந்து விநாடிகளில் ஆழமாக வெந்துவிடும்; குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். வாளியில் முதலில் வெந்நீரைப் பிடித்துவிட்டு, பிறகு பச்சைத் தண்ணீர் கலக்கும் பழக்கம் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. பச்சைத் தண்ணீர்தான் முதலில். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் காலை விட்டுச் சூடு பார்க்கக் கூடாது. மரத்த பாதத்துக்குச் சுடுவது தெரியாது. வெந்துவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் மஞ்சளும் எந்த நிலையிலும் வேண்டாம்.

அப்படியானால் 45 டிகிரியில் வைத்துவிடலாமா? அங்கே வேறொரு வம்பு காத்திருக்கிறது.

லாட்ஜ்களும் ஆளில்லாத அறைகளும்

1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் அடுத்தடுத்து நிமோனியாவில் விழுந்தனர். காரணமான கிருமிக்கு அவர்கள் சங்கத்தின் பெயரை வைத்தே லெஜியோனெல்லா என்று பெயரிட்டார்கள். அங்கே சந்தேகம் குளிர்சாதன அமைப்பின் மீது விழுந்தது. ஆனால் வெதுவெதுப்பான தண்ணீர் தேங்கும் எந்தத் தொட்டியும் குழாயும் இதற்குப் பிடித்த இடம்தான். 20 முதல் 45 டிகிரிக்குள் அது பெருகும். 60 டிகிரியில் மடியும். ஷவரின் நுண்துளிகளை மூச்சில் இழுப்பவருக்குத் தொற்றும்.

ஆகவே தொட்டியில் 60 டிகிரி இருக்கட்டும். குழாய்க்கு முன்னால் கலவை வால்வு வைத்துச் சூட்டைக் குறைக்கலாம். லாட்ஜ், மருத்துவமனை, முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் இதை ஏட்டில் எழுதிக் கண்காணிக்க வேண்டும். ஹீட்டரை இடம் மாற்றும்போது பிளம்பர் பழைய குழாயின் முனையை அடைத்துவிட்டுப் போவார். அந்த முட்டுச்சந்துக் குழாயில் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும். அதைப் பிரியும் இடத்திலேயே வெட்டி அடைக்கச் சொல்ல வேண்டும். பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால், ஜன்னலைத் திறந்துவைத்து வெந்நீரைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகே ஆளை அனுப்ப வேண்டும்.

வெளியூரில் தங்கிவிட்டு வந்த இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் இருமலும் கண்டால், தங்கிய இடத்தை மருத்துவரிடம் சொல்வது நல்லது. நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் பலிக்காது. அசித்ரோமைசின், லீவோஃபிளாக்சசின் போன்றவை கேட்கும். பெரும்பாலான நோயாளிகளைச் சிறுநீர்ச் சோதனை ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும்.