வீட்டுக் கழிவுநீர் போகும் வழி

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் உள்ள பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு முற்றத்து மூலையில் இருக்கும் தூம்பு நினைவிருக்கும். கூரையிலிருந்து விழும் மழைநீரும், பாத்திரம் துலக்கிய நீரும் அதன் வழியே கொல்லைக்குச் சென்று வாழைக்குப் பாயும். அது அடைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும். ஒரு குச்சியால் குத்தினால் சரியாகிவிடும். இன்றைய வீட்டிலோ சமையலறை, குளியலறை, கழிப்பறை ஆகிய மூன்றின் குழாய்களும் தரைக்கடியில் மறைந்து ஓடுகின்றன. அடைப்பு எங்கே என்பது தெரியாது. ஆள் வந்து கம்பி விட்டுக் குத்துகிறார், நீர் இறங்குகிறது, கூலி கொடுக்கிறோம். பதினைந்து நாளில் மீண்டும் நீர் தேங்கி நிற்கிறது.

இதற்குக் காரணம் யாதெனில், கம்பி அடைப்பின் நடுவே ஒரு துளை செய்கிறதேயன்றி அடைப்பை அகற்றுவதில்லை. திரும்பத் திரும்ப வரும் அடைப்புக்கு எப்போதும் ஒரு காரணம் உண்டு. அஃது எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்ற இரண்டையும் கவனித்தால் காரணம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

சமையலறைத் தொட்டி மட்டும் அடைத்தால், குற்றவாளி எண்ணெய்ப் பிசுக்கு என்று கொள்ளலாம். நெய்யும் வனஸ்பதியும் சூட்டில் உருகி ஓடிக் குழாயினுள் குளிர்ந்து உறைகின்றன. ‘எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்தான், அஃது உறையாதே’ என்று சிலர் சொல்லக்கூடும். ஆயினும் எண்ணெய் குழாயில் தங்கிச் சிதையும்போது, அதிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலம் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு கூடி, நீரில் கரையாத ஒருவகைச் சவர்க்காரமாக மாறுகிறது. உப்புக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாய்ப் படிகிறதே, அதன் உடன்பிறப்பு இது. வடித்த கஞ்சி, இட்லி மாவு கழுவிய நீர், புளிச் சக்கை, மீன் செதிள் ஆகியவை இந்தப் பிசுக்கில் வந்து ஒட்டும். 2017இல் இலண்டன் மாநகரின் வைட்சேப்பல் பகுதிப் பாதாளச் சாக்கடையில் ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் உள்ள கொழுப்புப் பாறை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அதன் தொடக்கமும் வீட்டுச் சமையலறைகளிலும் உணவு விடுதிகளிலும் கழுவி விட்ட எண்ணெய்தான். வாணலியைக் கழுவுமுன் பழைய தாளால் துடைத்துக் குப்பையில் போடுவது அரை நிமிட வேலை. இதைவிட மலிவான மருந்து வேறில்லை.

குளியலறையில் தலைமுடியும் எண்ணெயும் சீயக்காய்த் தூளும் சேர்ந்து கயிறாகத் திரிந்துவிடும். தூம்பின் வாயில் சல்லடைத் தட்டு ஒன்றை வைத்து, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள்தோறும் அதை எடுத்துக் கழுவினால் போதும்.

சுத்தமாக வைத்திருந்தும் அடைக்கிறதென்றால் குழாயின் சரிவைப் பார்க்க வேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு 5 அடி தூரத்துக்கு 1 அங்குலம் இறக்கம் என்பது கட்டடக்காரர் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. இறக்கம் குறைந்தால் நீர் மெல்ல நகர, கசடு அடியில் தங்கிவிடும். கடற்கரையை ஒட்டிய இவ்வூர்களின் நிலம் தட்டையானது. ஒருபுறம் பெண்ணையாறும் கெடிலமும், மறுபுறம் வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவந்து சேர்த்த வண்டல். தட்டை நிலத்தில் நீர் தானாகப் போய்விடும் என்று இருந்துவிட முடியாது. போகுமிடத்தை முன்கூட்டியே வகுக்க வேண்டும். சிதம்பரம் நடராசர் கோயிலிலிருந்து வடக்கே தில்லைக் காளி கோயில் குளம் நோக்கிச் சென்ற நிலத்தடி வடிகாலைச் சோழர் காலத்தது என ஆய்வாளர் குறிக்கின்றனர். அதை அமைத்தவர்கள் நிலத்தின் மட்டத்தை நன்கு அறிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

இனி, ஓரிடத்தில் நீர் ஊற்றினால் மற்றோரிடத்தில் ‘கடகட’ என்று ஒலி எழுந்தால், அஃது அந்தக் கிளைக் குழாயின் குற்றமன்று. எல்லாம் சேரும் பெருங்குழாய் அடைத்திருக்கலாம். அல்லது காற்று போகும் குழாய் மூடியிருக்கலாம். மாடியின் மேல் நீண்டு நிற்கும் அக்குழாயினுள் அணில் கூடு கட்டியிருப்பதும் உண்டு! சமையலறையில் குத்திக்கொண்டிருந்தால் இது தீராது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் நீர் திரும்பி மேலேறுகிறதென்றால், குறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. தெருச் சாக்கடை நிரம்பி வழியும்போது, அதனினும் தாழ்ந்த வீட்டுக்குள் நீர் புகத்தான் செய்யும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதனால், ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகளுக்குள் இன்று படியிறங்கிப் போகிறோம். இத்தகைய வீடுகளில் நீரை வெளியே மட்டும் விட்டு, உள்ளே விடாத ஒருவழி அடைப்பான் ஒன்றைக் கடைசிச் சேம்பரில் பொருத்தலாம். ஆனால் அஃது அவ்வீட்டை மட்டுமே காக்கும். தெருவின் மட்டத்தை ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி மன்றங்களில் கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

அடைப்பு நீக்கும் மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமிலம் ஊற்றிய குழாயில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும்; கதவடைத்த சிறு குளியலறையில் அஃது உயிருக்கே ஆபத்து. கொதிக்கும் நீரும் பி.வி.சி. குழாயை நெகிழச் செய்யும்; கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று மிகுதியான வெந்நீர் போதும். முதலில் ரப்பர்க் குவளையால் அழுத்தி இழுத்துப் பார்ப்பதே நல்லது.

இவற்றையெல்லாம் விட அஞ்சத்தக்கது செப்டிக் தொட்டி. அது நிரம்பினால் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களும் ஒருங்கே மெதுவாகும். அப்போது யாரையாவது அழைத்து உள்ளே இறக்குவது இன்னும் நடக்கிறது. தொட்டியினுள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்துவிட்டாலோ மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். உரிய பாதுகாப்பின்றி ஒருவரை இப்படி வேலை வாங்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வீட்டுக்காரரும் இதற்கு விலக்கல்லர். சாக்கடையில் இறப்போர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

உறிஞ்சும் வண்டியை அழைத்தால், அதன் குழாயை மேலிருந்தே தொட்டிக்குள் விட்டு வேலையை முடித்துவிடலாம். அதற்கு மூடி வெளியே தெரிய வேண்டும். புதிதாகத் தரை ஓடு பதிக்கும்போது அழகைக் கருதி அம்மூடியை மறைத்துவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. கொத்தனாரிடம் முன்னதாகவே சொல்லி அதைத் திறக்கும்படி விட்டுவைக்க வேண்டும்.