உங்களுக்குத் தெரியுமா?

1925-இல் பிரான்சில் உருவான ஒரு புகாட்டி கார், மஜோரே ஏரியின் ஸ்விட்சர்லாந்துப் பகுதியில் நீருக்கடியில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது!

• அஸ்கோனா ஊரருகே, 53 மீட்டர் ஆழம். சுங்க வரி பாக்கிக்காக அதிகாரிகளே 1930-களில் சங்கிலி கட்டி நீரில் இறக்கினார்கள், சங்கிலி துருப்பிடித்து அறுந்துபோனது என்கிறார்கள். 1967-இல் முக்குளிப்பவர் ஒருவர் கண்ணில் பட்டது. கரையேறியது 2009 ஜூலையில்.

• சாதாரண கார் அல்ல, ‘பிரெசியா’ ரகம். 1921-இல் இத்தாலியின் பிரெசியா பந்தயத்தில் முதல் நான்கு இடங்களையும் புகாட்டி அள்ளியதால் வந்த பெயர். நான்கே சிலிண்டர், 16 வால்வுகள். அந்தக் காலத்தில் அது அபாரம்!

• 2010-இல் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது. வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் மல்லின் அதைப் புதுப்பிக்கவே இல்லை. அரித்து ஓட்டை விழுந்த தகடு, செம்பழுப்புத் துரு, சக்கரத்தோடு ஒட்டிய ரப்பர் எல்லாம் அப்படியே கலிஃபோர்னியாவில் காட்சிக்கு வைத்தார். பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கியிருந்தால் ஏரி எழுதிய கதை அழிந்திருக்கும். நல்லவேளை, யாரும் அதில் கைவைக்கவில்லை.