'கியர்' நகர மறுக்கிறதா? மல்லுக்கட்டாதீர்கள்!

உத்தரகோசமங்கை:
மரகத நடராஜரின் சந்தனக் காப்பு களையப்படும் ஆருத்ரா சமயத்தில் இங்கே கார்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த நெரிசலில் ஒரு பழைய 'ஆட்டோமேட்டிக்' காரின் கியர் லீவர் மக்கர் பண்ணினால்?

"பலமா ஒரு இழு இழுங்க சார், வந்துடும்" என்பார் பக்கத்தில் நிற்பவர். கேட்காதீர்கள்! கேபிள் முனை ஒடிந்தால் லீவர் 'பி'யில் நிற்கும்; கியர் பெட்டி வேறு எங்கோ நிற்கும். பிரேக்கை விட்டதும் கார் உருளும். முன்னால் ஜனங்கள்!

'பி'யை விட்டு அசையவே இல்லையா? பிரேக் விளக்கைப் பாருங்கள். பிரேக்கை மிதித்தால்தான் திறக்கும் பூட்டு பல கார்களில் உண்டு. விளக்கும் எரியாவிட்டால் ப்யூஸ் அல்லது பெடல் சுவிட்ச் மீதுதான் சந்தேகம்.

மேட்டில் நிறுத்தினால் மட்டும் இறுகுகிறதா? காரின் பாரம் உள்ளே இருக்கும் கொக்கியில் ஏறிவிட்டது. அடுத்த முறை ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு 'பி' போடுங்கள்.

எப்போதும் இறுக்கமா? என்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கியர் பெட்டிப் பக்கம் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். அப்போதும் லீவர் இறுகினால் குற்றவாளி கேபிள் அல்லது லீவர். லேசாகிவிட்டால், பெட்டியின் வெளித்தண்டோ அதில் மாட்டிய சுவிட்சோ துருப்பிடித்திருக்கலாம். வாலிநோக்கம் பக்கத்து உப்புக் காற்று சும்மா விடுமா?

"கியர் பாக்ஸையே இறக்கணும்" என்று மெக்கானிக் ஆரம்பித்தால், முதலில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, 'டி'யில் வைத்து சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகக் கூடாது. ஆனால், காரை வெளியே எடுக்காதீர்கள்!