எக்ஸ்ரே ரூமில் 'மூச்சை இழுத்துப் பிடிங்க'ன்னு சொல்றது ஏன்? ஒரே ஷாட்டில் தெளிவான படம் கிடைப்பது எப்படி?

திருச்சி கைலாசபுரம் என்றாலே பெல் குடியிருப்புதான் நினைவுக்கு வரும். பெல் ஆலையில் தயாராகும் பாய்லர்களின் வெல்டிங்கிற்குள் விரிசல் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்க்க முடியாது. கதிர்வீச்சு மூலம் படம் எடுத்துத்தான் சோதிப்பார்கள். மருத்துவமனையில் நம் எலும்பையும் நுரையீரலையும் பார்ப்பதும் இதே அடிப்படையில்தான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இரும்பு அசையாது, மூச்சு விடாது. படம் சரியில்லையா, மறுபடி எடுத்துக்கலாம். மனிதருக்கு மறுபடி எடுத்தால் உடலில் கூடுதல் கதிர்வீச்சு. அதனால் முதல் ஷாட்டிலேயே சரியாக எடுப்பதுதான் டெக்னீஷியன் கற்க வேண்டிய முக்கியப் பாடம்.

இரண்டு எண்கள்

முதலாவது கே.வி. கதிர் எவ்வளவு ஆழமாக ஊடுருவும் என்பதை இது தீர்மானிக்கும். கை விரலுக்குச் சுமார் 50 போதும். நெஞ்சுக்கு 100-க்கு மேலும் வைப்பார்கள்.

இரண்டாவது எம்.ஏ.எஸ். இது கதிரின் அளவு. இதை இரண்டு மடங்காக்கினால், உடலில் படும் கதிர்வீச்சும் இரண்டு மடங்காகும். கே.வி.யை 15 சதவீதம் கூட்டினால் எம்.ஏ.எஸ்.-ஐப் பாதியாகக் குறைத்தும் கிட்டத்தட்ட அதே அளவு வெளிச்சமான படம் கிடைக்கும்.

டிஜிட்டலில் ஒரு சிக்கல்

ஃபிலிம் காலத்தில் கதிர் அதிகமானால் படம் கறுத்துப்போகும், தவறு உடனே தெரிந்துவிடும். இப்போது கம்ப்யூட்டரே வெளிச்சத்தைச் சரிசெய்துவிடுகிறது. கதிர் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதிகமானாலோ படம் 'சூப்பரா' இருக்கும்! இதனால் தேவைக்கு மேல் கதிர் கொடுக்கும் பழக்கம் மெல்ல வந்துவிடும். படத்தை மட்டும் பார்க்காமல், திரையில் காட்டும் எக்ஸ்போஷர் எண்ணையும் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

மூச்சைப் பிடிப்பது ஏன்?

மூச்சை நன்றாக இழுத்தால் நுரையீரல் முழுதாக விரியும். அரைகுறையாக இழுத்தால் இதயம் பெரிதாகத் தெரியும். நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்து, நிமோனியா போலவே இருக்கும். அசைந்தால் படம் கலங்கிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு முன் செயின், தாயத்தைக் கழற்றிவிடுங்கள்.
* கர்ப்பமாக இருந்தால், அல்லது சந்தேகம் இருந்தால்கூட, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
* பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். இன்னொன்று தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்ய அது உதவும்.